நம்ம பொட்டப் பிள்ளைகளின் பேர்கள்: பைக்காராவிலிருந்து சில குறிப்புகள்

குழந்தைப் பேர்ப் புத்தகங்கள் எல்லா பஸ் ஸ்டாண்டிலும் தொங்குகின்றன. ஊட்டியிலும் தொங்குகின்றன, கூடலூரிலும் தொங்குகின்றன. பெண் குழந்தைகள் என்று போட்ட பகுதியைப் புரட்டினால் அபர்ணா, அர்ச்சனா, அனுஷா என்று அகர வரிசையில் வரும். பக்கத்திலேயே அர்த்தம் இருக்கும். அபர்ணா என்றால் இலையைக்கூடத் தின்னாமல் தவமிருந்த பார்வதி. நல்லது. இலைகூடக் கிடைக்காமல் பட்டினி கிடந்த நம்ம பாட்டிமார் பேர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? குப்பாயி இல்லை. தவிட்டம்மா இல்லை. இருளாயி, ராக்கு, பேச்சி, சடச்சி, மூக்காயி யாருமே இல்லை. இப்போது போனில் தேடினாலும் இதே பட்டியல்தான், ஷவும் ஹவும் கொஞ்சம் கூடுதலாக. பேர் என்பதே சமஸ்கிருதத்தில் பிறந்து நம்மிடம் பிச்சையாக வந்து சேர்ந்தது என்கிற மாதிரி ஒரு நினைப்பை இந்தப் புத்தகங்கள் ஐம்பது ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கின்றன.

அதில் விடுபட்ட பேர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். பைக்காராவைச் சுற்றி கிளன்மார்கன், நடுவட்டம், டி.ஆர். பஜார் பக்கத்து எஸ்டேட் லைன்களில் கிழவிகளிடம் கேட்டது கொஞ்சம், ஏடுகளில் படித்தது கொஞ்சம்.

பேத்தி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பெயர்த்தி, பேர்த்தி, பேத்தி. பாட்டியின் பேரைத் தாங்குகிறவள் என்பது அதன் பொருள். பேரன் என்பதும் அப்படித்தான். தமிழில் பேரப்பிள்ளைக்கு உறவுச் சொல்லே பேரிலிருந்துதான் வருகிறது. செத்துப்போன கிழவி பேத்தியாகத் திரும்பி வருகிறாள் என்று நம்ம சனங்கள் நினைத்தார்கள். ஆனால் வீட்டுக்குள் ஒரு சிக்கல் வரும். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெத்த மகளுக்கு மாமியார் பேரை வைத்துவிட்டால் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் பிள்ளைக்கு இன்னொரு பேர் வரும். பாப்பா, குஞ்சு, செல்லி, சின்னவ. ஊர் அந்தப் பேரைத்தான் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் காதில் எது விழுந்ததோ அது எழுத்தில் ஏறும். ஒரு பொம்பளைக்கு மூணு பேர் இருப்பது நம்ம பக்கம் அதிசயமே இல்லை. எழுத்தில் ஏறிய ஒன்றுதான் பேர் என்று சொல்கிறது அரசாங்கம்.

இனி குப்பாயிக்கு வருகிறேன். இந்தப் பேரைச் சொன்னாலே காலேஜ் படிக்கிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டியதில்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு உருட்டி, பிறகு எடுத்து வருவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது, இதை நீ எடுத்துப்போகாதே என்று சாவிடம் சொல்கிற பாவனை அது. அப்படிப் பிழைத்தவன் குப்பன், குப்புசாமி. பிழைத்தவள் குப்பாயி, குப்பம்மாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒருபடி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். பெத்தவளுடையது இல்லை, விலைக்கு வாங்கினது என்று கணக்கு. அவள் தவிட்டம்மா. ஏழு வீட்டில் மடியேந்திக் காத்த பிள்ளை பிச்சாயி, பிச்சையம்மாள். மூக்கைக் குத்தி அடையாளம் போட்டால் மூக்காயி, மூக்கம்மாள், ஆணாக இருந்தால் மூக்கன். ஊனமான உயிரைச் சாவு தொடாது என்று நம்பிக்கை.

ஆக இந்தப் பேர்கள் ஒவ்வொன்றும் ஒரு மருத்துவமனை இல்லாத ஊரின் சாவுக் கணக்கு. ஒரு சேரியில் ஒரே தலைமுறையில் நான்கு குப்பாயிகள் இருந்தால், அந்த நான்கு வீட்டிலும் அவளுக்கு முன்னால் செத்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று அர்த்தம். காலராவும் அம்மையும் மலைக்காய்ச்சலும் அள்ளிக்கொண்டுபோனதை எந்த கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டைவிடவும் இந்தப் பேர்கள் துல்லியமாகச் சொல்லும். அவற்றைக் கேவலம் என்று சொல்கிறவன் சாவைப் பார்க்காதவன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குப்பனும் பிச்சையும் எல்லா சாதியிலும் உண்டு. குழந்தைச் சாவு எல்லார் வீட்டிலும் இருந்தது. வேறுபாடு பேரில் இல்லை, கூப்பிடுகிற வாயில் இருந்தது. ஊருக்குள் குப்புசாமி, குப்பம்மாளாக இருக்கிற பேர் சேரியில் இருக்கிறவர்களுக்குக் குப்பா, குப்பி என்று வெட்டப்படும். அம்மாளும் சாமியும் பேரிலிருந்து பிடுங்கப்படும். எழுபது வயசுக் கிழவியைப் பத்து வயசுப் பையன் 'ஏ குப்பீ' என்று கூப்பிட்டான். விகுதியில் இருந்தது சாதி. மரியாதையைச் சொல்லுகிற அந்த இரண்டெழுத்து விகுதிக்கு நம்ம ஆட்கள் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஊரிலும் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு ஏட்டிலேயே சட்டம் இருந்தது. மனுவின் 2ஆம் அத்தியாயத்தில் பேர் வைக்கிற விதி வருகிறது. பார்ப்பானுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. சூத்திரனுக்கே இழிவு என்றால் அதற்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண்களுக்குத் தனி விதி: சொல்ல எளிதாக, இனிமையாக, மங்கலமாக, நெடில் ஓசையில் முடிய வேண்டும். 3ஆம் அத்தியாயத்தில் இன்னொரு வேடிக்கை. எந்தப் பேருள்ள பெண்ணைக் கட்டக் கூடாது என்று ஒரு பட்டியல். நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு இவற்றின் பேருள்ளவள் கூடாது. கடைசாதிப் பேருள்ளவள் கூடாது. அடிமைப் பேருள்ளவள், பயங்கரமான பேருள்ளவள் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம காவேரி, நாகம்மா, குயிலு, மலையம்மா எல்லாரும் தள்ளுபடி. நாம் காட்டுக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் இருந்தவர்கள், அதன் பேரைத்தான் வைத்தோம்.

பயங்கரமான பேர் என்றானே, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இருளாயி, ராக்காயி, காளி, பேச்சி, அங்காயி, வீராயி, சடச்சி. இருட்டும் ராத்திரியும் சடைமுடியும் பேரில் இருக்கின்றன. பெரிய கோயிலில் மீனாட்சியும் காமாட்சியும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் கண்ணழகுக்குப் பேர் வாங்கியவர்கள். நம்ம ஆத்தாக்கள் எல்லையில் நின்றவர்கள். எல்லம்மா என்ற பேரே எல்லையைத்தான் சொல்கிறது. பேச்சியம்மன் பிரசவத்துக்கும் கைக்குழந்தைக்கும் காவல். பிள்ளை பிறந்த வீட்டில் முதல் கும்பிடு அவளுக்குத்தான். மகளுக்குப் பேச்சி என்று பேர் வைத்தவள் அழகைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்டாள். மதுரைவீரன் கதையிலிருந்து பொம்மியும் வெள்ளையம்மாளும் வந்தார்கள். சக்கிலி என்று வசைபாடப்பட்ட ஒரு சமூகம் தனக்குத் தானே தேர்ந்துகொண்ட அருந்ததியர் என்ற பேர்கூட ஒரு பெண்ணின் பேரிலிருந்து வந்ததுதான். கல்யாணத்தில் எல்லா சாதிக்காரனும் வானத்தில் அருந்ததி பார்க்கிறான், பூமியில் அவள் பேர் கொண்டவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டான். ஊட்டியும் குன்னூரும் விடிகாலையில் பளிச்சென்று இருப்பது அவர்கள் கை பட்டதால். 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது அரசுச் சட்டத்தின் தலைப்பிலேயே அந்தப் பேர் ஏறியது.

பாப்பாத்தி என்ற பேரையும் விட்டுவிடக் கூடாது. சேரியில் பாப்பாத்திகள் நிறைய. பட்டாம்பூச்சிக்கும் அந்தப் பேர் உண்டு, பாப்பாத்தியம்மன் என்று தெய்வமும் உண்டு. எது எப்படியோ, 'ஏ பாப்பாத்தி, சாணி அள்ளிட்டியா' என்று ஒரு பண்ணையார் கத்துவதை அக்கிரகாரத்துக்காரர்கள் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, பைக்காராவுக்கு வருவோம். வெளியூர்க்காரருக்கு இது படகுத்துறையும் அருவியும் சினிமா ஷூட்டிங்கும். தோடர்களுக்கு இந்த ஆறு தெய்வம். அரசாங்கத்துக்கு இது 1932இல் ஓடத் தொடங்கிய மின்திட்டம். 3000 அடிக்கு மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே தண்ணீரைச் சிங்காராவுக்கு இறக்கி எடுத்த மின்சாரம் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. சென்னை மாகாணத்தின் தலைமை மின் இன்ஜினியர் எச்.ஜி. ஹோவர்டின் பேர் புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் குளிரில் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் புத்தகங்களில் வெறும் கூலிகள், தலை எண்ணிக்கை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய கதை. பைக்காராவிலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் நடுவட்டம். 1860களில் வெள்ளைக்கார அரசாங்கம் அங்கே சிங்கோனா தோட்டம் போட்டது. மலேரியாவுக்குக் கொயினா வேண்டும். காட்டை வெட்டக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். மலாயா பக்கத்து ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸில் சிறையில் இடமில்லை என்று மெட்ராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனர்களும் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தண்டனை முடிந்த பிறகு சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில் குடிசை போட்டு, காய்கறி போட்டு, கொஞ்சம் காப்பி வைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். பறையர் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள்.

மெட்ராஸ் மியூசியத்தின் சூப்பிரண்டெண்டெண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களைத் தேடி வந்தார். கையில் அளவுகோல். மூக்கின் நீளம், அகலம், தலையின் சுற்றளவு அளந்து சாதியைக் கண்டுபிடிக்கிற 'விஞ்ஞானம்' அவருடையது. அளக்க விடுவதற்குக் காசு தருவதாகச் சொல்லியனுப்பினார். அந்தச் சீனர்கள் காசு வேண்டாம், எங்கள் போட்டோவில் ஒரு பிரதி ஞாபகத்துக்குக் கொடுத்தால் போதும் என்று பதில் அனுப்பினார்களாம். இந்த விவரமெல்லாம் 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற அவருடைய ஏழு தொகுதி நூலில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் அளவுகளை அட்டவணையாகவே போட்டிருக்கிறார். தகப்பன் சீனன், கிறிஸ்தவத்துக்கு மாறியவன், அதற்காகச் சடையை வெட்ட வேண்டிவந்ததே என்று வருத்தப்பட்டவன். பிள்ளைகளுக்கு வயசு இருக்கிறது. 18 வயசுப் பெண், அவளுக்குக் கீழே பையன்கள். தாய்க்கு நேராக என்ன எழுதியிருக்கிறது? தமிழ்ப் பறையப் பெண், பிள்ளைகளின் தாய். அவ்வளவுதான். மூக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று இருக்கிறது. அந்த மூக்குக்குச் சொந்தக்காரியின் பேர் இல்லை.

அவள் பேர் என்னவாக இருந்திருக்கும் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். புருசன் ஞானஸ்நானம் வாங்கியவன் என்பதால் அவளுக்கும் ஒரு மேரியோ சாராளோ வந்திருக்கலாம். அதற்கு முன்னால் அவள் ஒரு காளியாகவோ முனியம்மாளாகவோ இருந்திருப்பாள். அந்தச் சீனன் அவளை எப்படிக் கூப்பிட்டான்? நடுவட்டத்தின் குளிரில், ஒருத்தருக்கும் ஊர் இல்லாத ஒரு சரிவில், அவன் நாக்கில் அவள் பேர் எப்படி வளைந்திருக்கும்? 18 வயசு மகளுக்குப் பேர் வைத்தது யார், அவனா அவளா? தர்ஸ்டனுக்கு இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்கத் தோன்றவில்லை. சாதி தெரிந்த பிறகு பேர் எதற்கு என்று நினைத்திருப்பார். இந்த நினைப்பு வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்ததில்லை, இங்கே ஏற்கெனவே இருந்தது. அவர் அதற்கு அளவுகோல் வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு புத்தகம் இருக்கிறது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி எழுதி 1906இல் வெளியிட்டது. அதே மலை, அதே காலம். தோடர்கள் தங்கள் பேரைத் தாங்களே சொல்லத் தயங்குவார்கள், செத்த உறவினர் பேரைச் சொல்லவே மாட்டார்கள். ரிவர்ஸ் அதற்காக வேறு வேறு ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, பல தலைமுறைக் கொடிவழியைப் பெண்கள் பேரோடு பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். சொல்லக் கூடாத பேரையெல்லாம் விடாமல் கேட்டு எழுதியது சரியா என்பது தோடர்கள் கேட்க வேண்டிய கேள்வி. என் கேள்வி வேறு. தோடர் வெள்ளைக்காரனுக்கு அபூர்வமான பூர்வகுடி, அதனால் ஒவ்வொரு பேரும் தங்கம். நாம் அவனுக்குக் கூலி, சமையல்காரன், ஆயா, தோட்டி. சந்தையில் எங்கும் கிடைக்கிற பண்டத்துக்கு யார் பேர் எழுதிவைப்பார்கள்?

இதே நீலகிரியில்தான் பேரை ஆயுதமாக எடுத்த ஒருவர் இருந்தார். காத்தவராயன் என்ற இயற்பெயரை விட்டுத் தன் ஆசிரியரின் பேரை ஏற்றுக்கொண்டு அயோத்திதாசர் ஆனவர். 1870இல் இங்கே அத்வைதானந்த சபை, 1891 டிசம்பர் 1இல் இங்கே திராவிட மகாஜன சபையின் மாநாடு. 1898இல் கொழும்பு போய் பௌத்தம் ஏற்றார். 1907இலிருந்து 'தமிழன்' பத்திரிகையில் வாரம் தவறாமல் அவர் செய்தது என்ன? பேர்களைப் பிரித்து அர்த்தம் சொன்னதுதான். பறையன் என்று சொன்னவனை நாங்கள் பூர்வ பௌத்தர்கள் என்று மறுத்தார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் மொழியியல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கே சிலது இடிக்கிறது. ஆனால் பேருக்கு அர்த்தம் சொல்லுகிற அதிகாரம் பார்ப்பனர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதை அவர் உடைத்தார். அவருடைய இரண்டு மகள்களின் பேர் அம்பிகாதேவி, மாயாதேவி. மாயாதேவி புத்தரைப் பெற்றவள். அம்பிகையைச் சிவன் பெண்டாட்டி என்று ஊர் சொன்னது, அவரோ அவளை அறம் சொன்ன பௌத்த பிக்குணி என்று எழுதினார். ஊரில் எத்தனையோ அம்பிகாக்கள் இருந்திருப்பார்கள், அந்த வீட்டு அம்பிகாவுக்கு அர்த்தம் வேறு.

பேர் வைக்கிற உரிமை கைக்கு வந்தால்கூட அதைக் காப்பாற்றுவது பாடு. மலையாளத்தின் முதல் மௌனப்படமான 'விகதகுமாரன்' நாயகி பி.கே. ரோஸி புலையர் பெண். பிறந்தபோது ராஜம்மா. ரோஸி என்பது சினிமாவுக்காக வந்த பேர் என்றும் கிறிஸ்தவத்தால் வந்தது என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். படத்தில் சரோஜினி என்கிற நாயர் பெண்ணாக நடித்தாள். புலைச்சி நாயர் பேரைத் திரையில் தாங்குவதா என்று கல்லெறிந்து துரத்தினார்கள். அவள் நாகர்கோவில் பக்கம் வந்து ராஜம்மாளாக, யாருக்கும் தெரியாமல், வாழ்ந்து முடித்தாள். கடைசியில் ஒரு 'ள்' கூடியது, அது தமிழ்நாடு கொடுத்தது.

இனி எங்கள் பங்கு. பைக்காராவிலும் கூடலூர், கோத்தகிரி, பந்தலூர் பக்கமும் சிலோன்காரங்க என்று சொல்லப்படுகிறவர்கள் நாங்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. சரக்கைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் அது டான்டீ ஆனது.

சிலோன் தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது. எங்கள் அம்மாயி சொல்லும்: 'இன்னைக்குப் பேர் விழுந்துச்சு', 'இன்னைக்கு அரைப்பேர்தான்'. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பேருக்கு நேரே முழு நாள் விழுந்தால் ஒரு பேர். சொன்ன றாத்தலுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பாதிப் பேர் எடுத்துக்கொண்டு பொம்பளை லயத்துக்குத் திரும்புவாள். இதைவிட நேராக ஒரு மொழி கூலி அடிமைத்தனத்தைச் சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு அதுவும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலோனுக்குப் போன கூலிகளுக்குத் தகர வில்லை கொடுத்தார்கள். அதில் மாவட்டத்தின் குறி, தோட்டத்தின் எண், ஆளின் எண். பேர் இல்லை. அதைக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு கப்பல் ஏற வேண்டும்.

பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம். அப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. ஆண் வழி மட்டும். அம்மா பேரும் பாட்டி பேரும் அங்கே செல்லாக்காசு. காகிதம் இருக்கிற ஆளுக்கும் பேர் ஒத்துவராது. கங்காணி ஒரு மாதிரி சொல்ல, கிளாக்கர் ஒரு மாதிரி இங்கிலீசில் எழுத, பிறப்புச் சீட்டில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, கல்யாணப் பதிவில் ஒன்று. ராக்காயி ராகாய் ஆனாள், ராக்கியா ஆனாள். இப்படித்தான் லட்சக்கணக்கான ஆட்கள் நாடற்றவர் என்ற பேரை வாங்கினார்கள். நாடற்றவர், அகதி, தாயகம் திரும்பியோர், எத்தனை பேர் பாருங்கள்! இங்கே வந்த பிறகும் முடியவில்லை. எங்கள் அம்மாயிக்குக் குடும்பக் கார்டில் இருளாயி. இங்கே ஒரு ஆபீசில் அதை இருளாண்டி என்று ஏற்றிவிட்டார்கள். கிழவி ஆம்பளை ஆகிவிட்டது. அதைத் திருத்த மலையிறங்கி மலையேறி ஒன்றரை வருஷம். 'எம் பேர எங்கப்பன் வெச்சான், இவுங்க யாருடி மாத்த' என்று அது கேட்டதற்கு அந்த ஆபீசில் பதில் இல்லை.

சாதிச் சான்றிதழுக்கும் பேருக்கும் உள்ள முடிச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாரியாயி, மரியாயி. நடுவே ஒரு கால்தான் வித்தியாசம். ஒன்று அம்மை தீர்க்கிற ஆத்தா, மற்றது ஏசுவைப் பெற்றவள். மதம் மாறிய நம்ம சனங்கள் அந்தக் காலை எடுத்துவிட்டுப் பழைய பேரிலேயே பாதி நின்றுகொண்டார்கள் என்பது அழகான விஷயம்தான். ஆனால் 1950இன் பட்டியல் சாதியினர் ஆணை இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. அதன் விளைவு என்ன? ஒரே பிள்ளைக்கு கோயில் பேர் ஒன்று, சர்ட்டிபிகேட் பேர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா, திங்கட்கிழமை செல்வி. 'மேரின்னு எழுதிறாத, ஸ்காலர்சிப் போயிரும்' என்று தாய் வாத்தியார் காதில் சொல்லிவிட்டு வருகிறாள். சேரியில் கிறிஸ்தவளாக மாறியதால் அவளை யாரும் ஊர்க்கிணற்றில் விட்டுவிடவில்லை, டீக்கடையில் டம்ளர் மாறவில்லை. மாறியது தாசில்தார் கண்ணுக்கு மட்டும். ஏழு வயசுப் பிள்ளைக்கு எந்த இடத்தில் எந்தப் பேரைச் சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக்கொடுக்கிற நிலையை அந்த ஆணை உண்டாக்கியது.

தமிழ்ப் பேர் இயக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். 1916இல் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார், பின்னால் திராவிட இயக்கம் வந்தது, மலர்விழியும் தமிழ்ச்செல்வியும் கயல்விழியும் லைன் வீடுகள்வரை வந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பேர் சூட்டும் இயக்கம் நடத்தினார்கள். திருமாவளவன் தன் தகப்பனார் ராமசாமியின் பேரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். பிள்ளைகள் அப்பனுக்குப் பேர் வைத்தது உலகத்தில் அபூர்வம், அதை நான் கொண்டாடுகிறேன். சாதியைக் காட்டிக்கொடுக்காத பேர் என்பது ஒரு பெண்ணுக்கு ஹாஸ்டலில், வேலையில், பஸ்ஸில் எவ்வளவு பெரிய கவசம் என்று அனுபவித்தவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு உறுத்தல் எனக்கு உண்டு. யாழினியும் தமிழ்தானே, ராக்காயியும் தமிழ்தானே? ஏன் சங்க இலக்கியத்தில் தேடுகிறோம், நம்ம பாட்டி வாயில் தேட மாட்டேன் என்கிறோம்? கண்ணகி பேரை வைக்கிறோம், பேச்சியை மறைக்கிறோம். வெண்மணி என்று மகளுக்குப் பேர் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1968 டிசம்பர் 25இல் 44 உயிர் எரிந்த ஊரின் பேர். அது எந்தப் பேர்ப் புத்தகத்திலும் இருக்காது.

எல்லாப் பழைய பேரையும் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில பேர்கள் பெத்தவர்களே மகளுக்குச் செய்த அநியாயம். போதும்பொண்ணு, வேண்டாம். திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் வேண்டாம் என்றே பேர் வைத்துவந்தது 2019இல் பத்திரிகைகளில் வந்தது. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். மராட்டியத்தில் இதற்கு நகுசா, நகுசி என்று பேர். வேண்டாதவள் என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பேருள்ள 280க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களே தேர்ந்தெடுத்த புதுப் பேர் எழுதிய சான்றிதழ் கொடுத்தார்கள். குப்பாயியும் வேண்டாமும் ஒன்று போலத் தெரியலாம். ஒன்று இல்லை. குப்பாயி என்று வைத்தவள் பிள்ளை சாகக் கூடாது என்று வேண்டாத மாதிரி நடித்தாள். வேண்டாம் என்று வைத்தவர்கள் நடிக்கவில்லை.

1969இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிள்ளை பிறந்ததைப் பேர் இல்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இது நம்ம லைன்களில் பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்ட நிமிஷமே பயந்துபோய் நர்ஸ் சொன்ன பேரை எழுதிவிட்டு வருகிறார்கள். அவசரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதோடு ஒரு வேலை. இதைப் படிக்கிற தோழர்கள் அவரவர் சேரியில், லைனில், காலனியில் அறுபது வயசுக்கு மேற்பட்ட பொம்பளைகளின் பேரைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பேரை மட்டும் எழுத வேண்டாம். வைத்தது யார், அவளுக்கு முன்னால் எத்தனை பிள்ளை செத்தது, வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், ஊர்க்காரன் எப்படிக் கூப்பிட்டான், ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறது, இத்தனையும் வேண்டும். இருக்கிறவர்கள் சம்மதம் கேட்டு எழுதுங்கள். செத்தவர்கள் பேரை அவர்கள் மகளிடம் கேளுங்கள்.